கிழக்குக் கரைக்கு அனுப்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுக்கு, லீவு விட்டால் போதும், ஊரிலிருந்து அண்ணன் பிள்ளை நாலு கூட்டாளிகளோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். "சித்தப்பா, மும்பையைச் சுத்திப் பாக்கணும்." நாமும் மரைன் டிரைவ், ஜூஹு, பாந்த்ராவில் நடிகர் வீடு என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எல்லாமே மேற்குக் கரை. அழகான கரைதான். ஆனால் கப்பல் ஒதுங்குவதற்கு ஏற்ற அமைதியான தண்ணீர் கிழக்கே இருக்கிறது, நகரத்துக்கும் எதிரே தெரியும் மலைகளுக்கும் நடுவில். துறைமுகம் வந்ததும், அதை நம்பி நம் தாத்தாக்கள் ரயிலேறி வந்ததும் அந்தத் தண்ணீரால்தான். அதனால் பிள்ளைகளைக் கிழக்கே அனுப்புங்கள். இதை இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில் பை. சி.எஸ்.எம்.டி., அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஸ்டேஷன் கிளாக் ரூமில் பெரிய பைகளைப் போட்டுவிடலாம். பூட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். கையில் இருக்கும் சின்னப் பையை லோக்கல் வண்டியில் முன்பக்கமாக மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விடியற்காலையில் கொலாபா சசூன் டாக், மீன்படகுகள் வந்து சேரும் துறை. 1875ல் கட்டியது. வெளிச்சம் வருவதற்கு முன்பே படகுகள் நெருக்கியடித்து நிற்கும். படகில் இருப்பவர் மீன்கூடையை மேலே வீசுவார், கரையில் இருப்பவர் பிடிப்பார், அதற்குள் அடுத்த கூடை வந்துவிடும். ஐஸ் உடைக்கிற சத்தம், கோலி என்ற மீனவச் சமூகத்துப் பெண்களின் ஏலக் குரல், காலடியில் மீன் செதிலும் தண்ணீரும். நல்ல செருப்பு வேண்டாம். கேட்காமல் போட்டோவும் வேண்டாம், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை நண்பர்களோடு போனபோது தூத்துக்குடிக்காரன் ஒருவனும் வந்தான், கடலோடிக் குடும்பத்துப் பிள்ளை. மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஒரு அம்மா முன்னால் பெரிய சீலா மீன் கிடந்தது. அவன் குனிந்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தான். வயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான். அந்த அம்மா ஏலத்தை விட்டுவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மீனை ஒதுக்கிவிட்டு, கூடைக்கு அடியிலிருந்து வேறொன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அதன் செவுள் ரத்தச் சிவப்பு. அவன் தலையை ஆட்டினான், அவர் சிரித்தார். வாங்க வழியில்லை, எங்களுக்கு அடுப்பு ஏது? பையைக் காட்டினோம். அவர் டீக்காரப் பையனைக் கூப்பிட்டு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவே இல்லை. மும்பை எப்படிப்பட்ட ஊர் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியா பக்கம்தான். அங்கே எலிஃபென்டா குகைத் தீவுக்குப் போகும் லாஞ்ச் படகு, ஒரு மணி நேரப் பயணம். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை, மறக்க வேண்டாம். மேல்தளத்துக்குத் தனியாகக் கொஞ்சம் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். நங்கூரம் போட்ட கப்பல்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போகும்போதுதான் இது துறைமுக ஊர் என்று உடம்புக்கே தெரியும்.

அப்புறம் ஹார்பர் லைன், துறைமுகப் பக்கமாக ஓடும் லோக்கல் ரயில் பாதை. சும்மா ஏறி உட்காருவதற்கே தகுந்த வண்டி. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் தேதி ஓடியது இந்த வழியில்தான், இன்றைய சி.எஸ்.எம்.டி.யான அன்றைய வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு. சி.எஸ்.எம்.டி.யில் ஏறினால் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கிழக்கு அந்தப் பக்கம். டாக்யார்டு ரோடு ஸ்டேஷன் உயரத்தில் இருக்கிறது. அங்கே நின்றால் மஸகாவ் டாக் என்ற கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்கள் தெரியும். 1774ல் கப்பல் பழுதுபார்க்கும் சின்ன இடமாகத் தொடங்கியது, இன்று கடற்படைக்குப் போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் கட்டுகிறது.

இதே கரையில்தான் 1944 ஏப்ரல் 14 அன்று, விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்தது. உள்ளே வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் தங்கக் கட்டியும் ஒன்றாக இருந்தன. பஞ்சு பற்றிக்கொண்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு. அதிர்ச்சி சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவி வரை பதிவானது. தீயை அணைக்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. நாடு முழுவதும் தீயணைப்புத் துறைக்கு அதுதான் நினைவு நாள், இந்தத் துறைமுகத்தால் வந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். பாயசம் குடிக்கும் அன்று ஒரு நிமிடம் அவர்களையும் நினைக்கட்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வழியில் வரும் ரே ரோடு, காட்டன் கிரீன் ஸ்டேஷன்களை எல்லாம் விட்டுவிடுகிறேன். சீவ்ரி மட்டும். குளிர்காலம் தொடங்கி மே வரை அங்கே சேற்றில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அடல் சேது பாலம் தொடங்குவதும் அங்கேதான், எதிர்க்கரை வரை 21.8 கிலோமீட்டர். ஓதம் ஏறும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் கரைப்பக்கம் நகர்ந்து வரும். ஸ்டேஷனில் இறங்கியதும் கிழக்குப் பக்கம் வெளியே வர வேண்டும். வணக்கம்.