அழுத பிள்ளைக்குத்தான் பால் (குலசேகரத்துல பேசுனது)

தலைமை தாங்குற பேரூராட்சி தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எனக்கு எட்டாங்கிளாஸ்ல கணக்கு சொல்லித்தந்த, இப்பவும் முன்வரிசைல வந்து இருக்க எங்க சார் அவர்களே, விடியுறதுக்கு முன்னால தலைல லைட்ட கட்டிக்கிட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு அப்படியே வந்திருக்க அம்மைமாரே, அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பொறந்த பூதப்பாண்டி நம்ம மாவட்டந்தான், அத சொல்லாம நான் பேச்ச தொடங்க மாட்டேன்.

மூணு விஷயம் சொல்லணும். ஸ்ட்ரைக்ல அரசு எப்ப தலையிடணும், எதிர்க்கட்சி என்ன செய்யணும், கோர்ட்டு என்ன சொல்லுது. அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சொல்லுவாங்க, ஆனா அழுற பிள்ளை வாய பொத்துன அரசையும் நாம பாத்திருக்கோம். 2003 ஜூலைல அரசு ஊழியர், ஆசிரியர் ஸ்ட்ரைக் பண்ணப்போ டெஸ்மாங்குற, அத்தியாவசிய வேலைல ஸ்ட்ரைக்க தடுக்குற தமிழ்நாட்டு சட்டத்த வச்சு ஒரு லட்சத்துக்கு மேல ஆளுகள வேலைய விட்டு நீக்குனாங்க, ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு ஸ்ட்ரைக் அடிப்படை உரிமை இல்லன்னுட்டு. 2004 எம்.பி. எலக்‌ஷன்ல தமிழ்நாட்டுல 39 சீட்டும் எதிரணிக்கு போச்சு. 2024ல சுங்குவார்சத்திரம் சாம்சங் ஃபேக்டரில ஸ்ட்ரைக் 37 நாள், அங்க மந்திரிமாரே பேச்சுவார்த்தைக்கு இறங்குனாங்க. தலையிடுறதுன்னா அப்படி உக்காந்து பேசணும், அதுவும் முதல் வாரத்துலயே.

எங்க அம்மை பால்வெட்டுக்காரி. எனக்கு பத்து வயசு இருக்கும், எஸ்டேட்ல ஸ்ட்ரைக். வேலை இல்லன்னாலும் அம்மை நாலு மணிக்கு எழும்பிருவா, பழக்கம், கத்திய மடில வச்சுக்கிட்டு திண்ணைல இருப்பா. மரத்துல பால் பிடிக்குற சிரட்டை எல்லாம் காஞ்சு கெடக்கு, பழைய ஒட்டுப்பால் மட்டும் அடில கறுத்துப் போயி. வீட்ல மரச்சீனிக் கிழங்கும் கட்டஞ்சாயாவுந்தான். ஒரு நா எதிர்க்கட்சிக்காரர் கார்ல வந்தாரு, வீட்டுக்கு ரெண்டு கிலோ அரிசி குடுத்தாரு, போட்டோ எடுத்தாரு, அம்மை கையப் பிடிச்சு "நாங்க இருக்கோம்"னாரு. அம்மை கேட்டா, "மழை நாள்ல வெட்டு கெடயாது, அன்னைக்கு கூலியும் கெடயாது, அத சட்டசபைல கேப்பியளா?" கேக்கேன்னுட்டு போனவர்தான். அடுத்த எலக்‌ஷன்ல ஓட்டு கேக்க வந்தாரு, அம்மை எழும்பவே இல்ல.

எதிர்க்கட்சிக்கு வேலை அரிசி குடுக்குறது இல்ல, கேள்வி கேக்குறது. லேபர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை எத்தன தடவ தள்ளிப்போச்சு, ஏன் போச்சுன்னு மந்திரிகிட்ட கேக்கணும். அழுத பிள்ளைக்குத்தான் பால், ஆனா மரத்துல பால் எடுக்குறவ பிள்ளைக்கு மழைக்காலத்துல பாலுக்கு வழியில்ல மக்களே, இத எத்தன மேடைல சொல்லிட்டேன்.

கோர்ட்டு விஷயத்துக்கு இப்ப நேரமில்ல. மழை நாள் கூலி கேட்டு மனு மேடைக்கு வலதுபக்கம் மேசைல இருக்கு. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே மனுதான். எழுதத் தெரியாதவங்களுக்கு மைப்பெட்டி வச்சிருக்கு, கைநாட்டு போட்டுட்டு போங்க.