சிறையில் பிறந்த கலையை வகுப்பறையில் கற்பித்தல்

(தருமபுரியில் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

சிறையில் இருப்பவர்கள் படைத்த கலையைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுவதும் பாடமாக நடத்துகிறேன் என்று சொன்னால், பெரும்பாலோர் உடனே கேட்பது, "வரைந்தவர் என்ன குற்றம் செய்தார்?" என்பதுதான். என் வகுப்பில் அந்தக் கேள்விக்கு இடமுண்டு; முதல் இடம் கிடையாது. இது எந்தப் பொருளால் செய்யப்பட்டது, அந்தப் பொருள் அவர் கைக்கு எப்படி வந்தது, மதிலைத் தாண்டி எப்படி வெளியே வந்தது, இதன் மேல் யாருடைய பெயர் இருக்கிறது என்பவற்றைத்தான் நாங்கள் முதலில் கேட்கிறோம். இந்த வரிசை மாறினால் பாடமே வேறாகிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜெஸ்ஸி கிரைம்ஸ் என்ற அமெரிக்க ஓவியரை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சி மாநிலத்துச் சிறையொன்றில் இருந்த காலத்தில், சிறை கொடுத்த படுக்கை விரிப்புகளையே அவர் ஓவியம் தீட்டும் துணியாக்கினார். நாளிதழ்ப் படங்களில் தலைமுடிக்குத் தடவும் ஜெல்லைப் பூசி, துணியின் மேல் கவிழ்த்துக் கரண்டியால் தேய்த்து, அச்சு மையைத் துணிக்கு இறக்கினார். அந்தப் படங்களைச் சுற்றி வண்ணப் பென்சிலால் வரைந்து ஒன்றோடொன்று இணைத்தார். விரிப்பு சிறையின் சொத்து என்பதால், முடித்தவற்றை அறையில் சேர்த்து வைப்பது ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றாக அஞ்சலில் வெளியே அனுப்பினார். இப்படி 39 விரிப்புகள். விடுதலையாகி வந்த பிறகுதான் அவை அனைத்தையும் சேர்த்து ஒரே ஓவியமாகப் பார்க்க அவருக்கு வாய்த்தது. கையை விட்டுப் போன விரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததை வரைந்திருக்கிறார் என்பதை மாணவர்கள் தாமாகவே கண்டு சொல்லும்போது, இரக்கம் விலகி அந்த இடத்தில் ஆராய்ச்சி வந்து அமர்கிறது. கலை வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

டெக்சாஸ் சிறையில் இருந்த ஃபிராங்க் ஜோன்ஸ், கணக்கு எழுதுபவர்கள் வீசிவிட்ட சிவப்பு, நீலப் பென்சில் துண்டுகளைப் பொறுக்கி, பேய்கள் குடியிருக்கும் வீடுகளை வரைந்தார். கட்டங்கட்டமாகப் பிரிந்த வீடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் அடைபட்ட, சிரிக்கின்ற உருவங்கள். 1964-இல் சிறைக் கண்காட்சியில் அவருக்குப் பரிசு கிடைத்தது. 1969-இல் அவர் இறந்தார். அவருடைய பல ஓவியங்களில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைதி எண் இருக்கிறது. அந்த ஓவியங்களைக் காட்டும் நாளில் நான் விளக்கவுரை எதையும் முதலில் சொல்வதில்லை. பார்த்து முடித்ததும், இந்த எண்ணைப் படத்தின் பகுதியாகக் கொள்வதா, படத்தின் மேல் விழுந்த முத்திரையாகக் கொள்வதா என்ற விவாதம் தானே எழுகிறது.

இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு அந்த விவாதம் புதிதன்று. இங்கே தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கும் பூசலில் வீழ்ந்த வீரனின் பெயரும் அரசனின் ஆட்சியாண்டும் கல்லில் இருக்கும். செதுக்கிய கையின் பெயரைப் பெரும்பாலும் காண முடியாது. பெயரில்லாத கையைக் கோட்டின் ஆழத்திலும் உளி சென்ற திசையிலும் தேடிப் படிக்கும் பயிற்சி நமக்கு உண்டு. அதையேதான் சிறைக் கலைக்கும் கேட்கிறேன்.

பாப்பாரப்பட்டியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1908-இல் அரசத் துரோக வழக்கில் வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா, தொழுநோயாளியாகச் சிறையிலிருந்து வெளிவந்து, கடைசியில் இந்த மாவட்டத்தில் குடியேறி, 1925-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். வ.உ.சி. கண்ணூர்ச் சிறையில் அறநூல் எழுதினார். அந்த எழுத்துகளைப் போற்றுவது நமக்கு எளிது, ஏனென்றால் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று வரலாறு தீர்ப்பளித்துவிட்டது. என் பாடத்திட்டம் யாருக்கு நினைவு மண்டபம் எழாதோ அவர்களைப் பற்றியது. தியாகிகளை முன்னால் நிறுத்தி மற்றவர்களை அவர்கள் நிழலில் நுழைத்துவிடும் உத்தியை நான் ஏற்பதில்லை.

சட்டமும் இங்கே நமக்கு ஒன்று சொல்கிறது. 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்கிறது. நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. என்ன குற்றம் என்று முதலில் கேட்பவர், நீதிமன்றம் சொல்லாததைத் தாமே சொல்லிவிடுகிறார்.

ஆனால், "பாதிக்கப்பட்டவரின் வீட்டார் இந்த ஓவியத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டால், அதற்கு ஒரு வகுப்பு நேரம் முழுவதையும் கொடுக்க வேண்டும். ஓவியம் நன்றாக இருப்பதால் செய்த தீங்கு குறைந்துவிடுவதில்லை. தீங்கு பெரிது என்பதால் கோடு தட்டையாகிவிடுவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கடினமான வேலை, இருபது வயதுக்காரர்களால் முடிகிற வேலையும்கூட. அந்தக் கேள்வி வருமே என்று அஞ்சி இப்பாடத்தைத் தவிர்க்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, ஆசிரியர்களுக்கு. சிறையில் இருக்கும் உறவினரை மனு போட்டுப் பார்க்கச் சேலம் மத்திய சிறைக்குப் போய்வரும் குடும்பங்கள் இந்த மாவட்டத்திலும் இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் முன் வரிசையிலேயே அமர்ந்திருக்கலாம். யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை; அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைவோடு ஒவ்வொரு சொல்லையும் பேச வேண்டும். உங்களுக்குத் தெரிந்த யாராவது சிறையில் இருக்கிறார்களா என்று வகுப்பில் கேட்பதை நான் அறவே விலக்கியிருக்கிறேன்.

உரிமை பற்றிய பேச்சை இறுதிக்கு வைத்திருந்தேன், ஏனெனில் வேலை இனிமேல்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறை அங்காடிகளில் கைதிகள் செய்த பொருள்களை நாம் வாங்குகிறோம். செய்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. துண்டுக்கும் சோப்புக்கும் அது பொருந்தலாம், ஓவியத்துக்குப் பொருந்தாது. பெயர் போடுவதா, மறைப்பதா என்பதை வரைந்தவரே எழுத்தில் சொல்ல வேண்டும். விற்றால் பணம் யாருக்கு என்பதும், விடுதலைக்குப் பின் படத்தைத் திரும்பக் கேட்டால் யார் தருவது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். அப்படியொரு ஒப்புதல் படிவத்தைத் தமிழில், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டக்கூடிய எளிய நடையில் எழுதுவதையே வரும் பருவத்தின் முதல் பயிற்சியாக மாணவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன். அது முடிந்து, சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக் கொடுத்த பிறகே சிறைத் துறையிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிப்போம். அதுவரை ஏற்கெனவே பொதுவில் காட்டப்பட்ட படைப்புகள் மட்டுமே எங்கள் வகுப்பில் இருக்கும்.