கல்வி மந்திரி போட்டாய் அனுப்பின சர்க்குலர்

எல்லாருக்கும் வணக்கம். இத்தாலி சர்வாதிகாரி முசோலினியை நமக்குத் தெரியும், பால்கனில நின்னு தாடையைத் தூக்கிக்கிட்டு பேசுற அந்த வீடியோவை பாக்காதவங்க கம்மி. இன்னைக்கு நான் பேச வந்தது அவர் பக்கத்துல இருபது வருஷத்துக்கு மேல நின்ன இன்னொருத்தரைப் பத்தி, பேரு ஜுசெப்பே போட்டாய். படிச்சவரு, கவிதை எழுதினவரு, ஓவியம் தெரிஞ்சவரு. நான் முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன், அதனால இந்த ஆள் மேல எனக்கு தனியா ஒரு கோவம் உண்டு, அதை மறைச்சுக்கிட்டு பேச எனக்கு வராது.

1895ல ரோம்ல பொறந்தவரு. முதல் உலகப் போர்ல அதிரடிப் படைல சண்டை போட்டாரு, 1919ல முசோலினியை சந்திச்சாரு, ரோம்ல பாசிஸ்ட் அமைப்பை கட்டினதுல இவர் கை பெரிய கை. 1921ல பார்லிமென்ட்டுக்கு போறாரு, அடுத்த வருஷம் ஆட்சியைப் பிடிக்க பாசிஸ்டுங்க ரோமை நோக்கிப் போன அந்தப் படையெடுப்புலயும் இருக்காரு. 1923ல சொந்தமா ஒரு பத்திரிகை, "கிரிதிகா பாஷிஸ்தா", அதாவது பாசிசத்துக்குள்ளயே இருந்துகிட்டு பாசிசத்தை விமர்சனம் பண்றதாம். பிற்காலத்துல இவரை நல்லவரா காட்டணும்னு நெனச்சவங்க எல்லாரும் மொதல்ல தூக்கிக் காட்டினது இந்தப் பத்திரிகையத்தான்.

அப்புறம் தொழில் துறை. 1926ல வேலைநிறுத்தத்தையே சட்டம் போட்டு குற்றம்னு ஆக்கிட்டாங்க, சுதந்திரமான யூனியன் எல்லாம் காலி. அதுக்கு மேல 1927ல தொழிலாளர் சாசனம்னு ஒண்ணு வருது, முதலாளியும் தொழிலாளியும் ஒரே அமைப்புல உக்காந்து தேசத்துக்காக உழைக்கணும்னு. அந்த சாசனத்தை உருவாக்குனதுல போட்டாய்க்கும் பங்கு உண்டு, 1929ல இருந்து 1932 வரைக்கும் அந்தத் துறைக்கு மந்திரியே இவர்தான். ஸ்ட்ரைக் பண்ற உரிமையை பிடுங்கிட்டு சரிசமமா உக்காருன்னா அது என்ன சமம்? பிறகு ரோம் நகரத்துக்கு கவர்னர், எத்தியோப்பியா போருக்கு தானே விரும்பிப் போனாரு, 1936 மே மாசம் எத்தியோப்பியா தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தப்போ கொஞ்ச நாள் அந்த ஊருக்கும் கவர்னர்.

1936 நவம்பர்ல கல்வி மந்திரி ஆகுறாரு. நான் பேச வந்ததே இதைத்தான்.

1938 ஆகஸ்ட். யூதர்களை ஒதுக்கி வைக்கிற இனச் சட்டம் இன்னும் வரல, ராஜா கையெழுத்து போடல. ஆனா போட்டாயோட அமைச்சகத்துல இருந்து அதுக்குள்ள சர்க்குலர் போக ஆரம்பிச்சாச்சு, வெளிநாட்டு யூத மாணவர்களை சேக்காதீங்க, வேலை செய்யறவங்கள்ல யாரு யூதர்னு கணக்கெடுத்து அனுப்புங்கன்னு. சர்க்குலர்னா என்னன்னு வாத்தியாருங்களுக்குத் தெரியும், மேசைக்கு வரும், படிப்போம், கையெழுத்து போடுவோம், அடுத்த வேலையைப் பாப்போம். செப்டம்பர் 5ம் தேதி ஆணை வருது. யூத ஆசிரியருக்கு வேலை இல்ல, யூதப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில இடம் இல்ல. அதே மாசம் 23ம் தேதி இன்னொரு ஆணை, ஒரு ஊர்ல பத்து யூதக் குழந்தைங்களாவது இருந்தா தனியா ஒரு ஆரம்பப் பள்ளி வைக்கலாம்னு. அந்த பத்துங்கற நம்பரை யோசிச்சுப் பாருங்க, ஒம்போது பேர் இருந்தா அந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க? யூதர்கள் எழுதின பாடப் புத்தகங்களையும் எடுத்துட்டாங்க. அக்டோபர்ல ஸ்கூல் தொறந்து அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சில பேரை கூப்பிடவே இல்ல, அவ்வளவுதான், அதுக்கு துப்பாக்கி எதுவும் தேவைப்படல.

பல்கலைக்கழகங்கள்ல கிட்டத்தட்ட நூறு பேராசிரியர்கள் வெளிய போனாங்க. கணிதத்துல உலகமே கொண்டாடின லெவி-சிவிட்டா, பலெர்மோல இருந்த இயற்பியல்காரர் எமிலியோ செக்ரே. மனைவி யூதர்ங்கறதால இன்னொரு இயற்பியல்காரர் என்ரிகோ ஃபெர்மி அந்த டிசம்பர்ல நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போனவரு அங்க இருந்து அப்படியே அமெரிக்கா போயிட்டாரு. டூரின்ல ரீட்டா லெவி-மோன்டால்சினின்னு ஒரு இளம் டாக்டர், ஆராய்ச்சி பண்ண இடம் இல்லாம வீட்டு படுக்கையறையில கோழி முட்டையை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, 1986ல நோபல் வாங்குனாங்க. காலியான நாற்காலிகளுக்கு ஆள் வந்துகிட்டே இருந்தாங்க, வேண்டாம்னு சொன்னவங்க ரொம்ப ரொம்ப கம்மி. ஃப்ளோரன்ஸ்ல ஒரு யூதப் பேராசிரியரோட இடத்தை எழுத்தாளர் மாசிமோ போன்டெம்பெல்லிக்கு குடுத்தப்போ அவரு மறுத்துட்டாரு. மறுக்க முடியும்ங்கறதுக்கு அந்த ஒரு ஆளே போதும்.

கட்சியோட உச்ச அமைப்பான பாசிஸ்ட் கவுன்சில் அக்டோபர்ல கூடினப்போ பால்போ மாதிரி பழைய பாசிஸ்டுங்களே கொஞ்சம் முணுமுணுத்தாங்க, போட்டாய் பள்ளிக்கூட விஷயத்துல ஒரு இஞ்ச் கூட இறங்கல.

இதே ஆளுதான் 1939ல கலைப் பொருட்களையும் இயற்கை அழகையும் பாதுகாக்க ரெண்டு சட்டம் கொண்டு வந்தாரு, நல்ல சட்டம், போருக்கு அப்புறமும் பல பத்து வருஷம் நின்னது. ரோம்ல பழைய ஓவியங்களை சீர் பண்ண ஒரு மத்திய நிறுவனமும் இவர் காலத்துல வந்ததுதான். இதை சொல்லாம விட்டா நான் பொய் சொன்னவனாவேன். ஆனா ஒரு ஓவியத்துல விரிசல் விழுந்தா பதறத் தெரிஞ்ச மனுஷனுக்கு, ஸ்கூல் வாசல்ல நிக்கிற பிள்ளையைப் பாத்து பதற ஏன் தெரியல? இவ்வளவு படிச்சும் எனக்கு இதுக்கு பதில் கிடைக்கல.

1943 ஜூலை 25 விடியக்காலைல அதே கவுன்சில்ல முசோலினிக்கு எதிரா ஓட்டு போட்ட 19 பேர்ல இவரும் ஒருத்தர். முசோலினி பதவி போச்சு, ஆனா ஜெர்மன்காரங்க தயவுல வடக்குல மறுபடி ஆட்சி வச்சாரு. அடுத்த ஜனவரில அங்க வெரோனால அந்த 19 பேருக்கும் வழக்கு, கைல சிக்கினவங்கள்ல அஞ்சு பேரை சுட்டாங்க, முசோலினியோட மருமகன் சியானோ உட்பட. போட்டாய் சிக்கல, அவருக்கு மரண தண்டனை பேப்பர்ல மட்டும்தான். ஒளிஞ்சு இருந்து, 1944ல வேற பேரு வச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரங்களை சேத்துக்கிற பிரெஞ்சு அந்நியப் படைல சாதாரண சிப்பாயா சேந்து ஜெர்மன்காரங்களோட சண்டை போட்டாரு, கிட்டத்தட்ட ஐம்பது வயசுல. பரிகாரம்னு அவரே சொன்னாரு. பாசிசம் கெட்டுப் போறதை தடுக்காம விட்டதுக்கு பரிகாரமாம். அந்தப் பிள்ளைங்க பேரு அதுல எங்க வருதுன்னு நான் தேடுறேன், காணோம். 1945ல புது இத்தாலி ஆயுள் தண்டனை குடுத்தது, 1947ல மன்னிப்பும் குடுத்துருச்சு, ஊருக்கு திரும்பி வந்து மறுபடி பத்திரிகை நடத்தி 1959ல ரோம்லயே செத்தாரு.

1995ல ரோம் மேயர் இவர் பேரை நகரத்துல ஒரு இடத்துக்கு வைக்கலாம்னு கிளம்பினாரு, கலைக்கு பண்ணின சேவைக்காகன்னு. 1938ல வகுப்பை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைங்கள்ல நெறைய பேருக்கு அப்போ அறுபது எழுபது வயசுதான். எதிர்ப்பு கிளம்புச்சு, அந்த யோசனையை கைவிட்டுட்டாங்க.