கணக்கைக் காட்டிவிட்டு அடுத்த காசைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. வழக்கமாக ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மலேசிய நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்கிறார்கள். அன்று இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் நம் இந்தியச் சமூகத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: "நமக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்?" போன வருடத்தைவிடக் கூடவா, குறைவா? குறைவு என்றால் கோபம், கூட என்றால் நன்றி அறிக்கை.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். போன வருடம் ஒதுக்கிய பணம் யார் கையில் சேர்ந்தது, எந்த வேலை முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் விட்டுப்போய்விட்டது. நாம் கேட்காத வரைக்கும் தலைவர்களுக்கு வசதி. அறிவித்த உடனேயே அது சாதனையாகிவிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை நான் பழைய பள்ளிக்கூடத்து ஆள். அரசாங்கம் தன் வரவுக்குள் வாழ வேண்டும், கொடுப்பதை இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். புத்ராஜெயாவில் எந்தக் கூட்டணி உட்கார்ந்தாலும் எனக்கு இதே அளவுகோல்தான்.

2025-ஆம் ஆண்டின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 421 பில்லியன் ரிங்கிட். இதில் 335 பில்லியன் நடப்புச் செலவு. அதாவது அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், மானியம், கடனுக்கு வட்டி. மீதி 86 பில்லியன் மேம்பாட்டுச் செலவு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை எல்லாம் அதில் வரும். சரி, வரவு எவ்வளவு? ஏறக்குறைய 340 பில்லியன் என்று மதிப்பிட்டார்கள். கழித்துப் பாருங்கள். வரும் வரவு கிட்டத்தட்ட முழுவதும் அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. புதிதாக எழும் ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரும் பெரும்பாலும் கடன் வாங்கி எழுப்பிய சுவர்தான்.

கூட்டரசு அரசாங்கத்தின் கடன் 2024 முடிவில் ஏறக்குறைய 1.25 டிரில்லியன் ரிங்கிட். 34 மில்லியன் மக்களுக்குப் பங்கு போட்டால், நேற்றுப் பிறந்த குழந்தை உட்பட, தலைக்கு 36,000 ரிங்கிட்டுக்கு மேல். அந்தக் கடனுக்காக 2025-இல் கட்ட வேண்டிய வட்டி மட்டும் 54 பில்லியனுக்கு மேல். அரசாங்கத்துக்கு வரும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் 16 ரிங்கிட் வட்டிக்கே போகிறது. அதே ஆண்டு சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45 பில்லியன் சொச்சம். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்து, மதியம் வரை மருந்துக்குக் காத்திருக்கும் பெரியவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நாட்டின் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும், கிளினிக்குகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிட அதிகமாக வட்டிக்குக் கொடுக்கிறோம். இதை எந்த அமைச்சரும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்க முடியாது. அதனால் யாரும் சொல்வதும் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும். இந்த அரசாங்கம் செய்த நல்லதும் உண்டு. 2022-இல் உள்நாட்டு உற்பத்தியில் 5.5 விழுக்காடாக இருந்த பற்றாக்குறை 2024-இல் 4.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்து, 2 ரிங்கிட் 15 காசு விற்ற டீசலை 3 ரிங்கிட் 35 காசாக்கினார்கள். ஓட்டுப் போகும் என்று தெரிந்தே செய்த காரியம். அந்தத் துணிச்சலை நான் பாராட்டுகிறேன்.

ஆனால் அதே துணிச்சல் அடுத்த வருடம் எங்கே போனது? 2025 ஜூலையில், 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டு என்ற அடையாள அட்டை வழியாக 100 ரிங்கிட் என்று பிரதமர் அறிவித்தார். எல்லாருக்கும் என்றால் உண்மையிலேயே எல்லாருக்கும். வருமானம் என்ன என்ற கேள்வியே இல்லை. பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் அந்த வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் துப்புரவு வேலைச் சீருடையோடு ஓர் அம்மா. ஐந்து கிலோ அரிசி, ஒரு தட்டு முட்டை, சமையல் எண்ணெய். கல்லாவில் இருந்த பெண் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடப் போட, 100 தாண்டிவிடுமோ என்று அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டியதும் எண்ணெயைத் திருப்பி வைத்தார். அவருக்கு அடுத்து நின்றவர் கையில் ஜெர்மன் கார்ச் சாவி. பிஸ்கட்டும் மைலோவும் எடுத்திருந்தார். அவருக்கும் அதே 100. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கொடுத்தார்கள், வாங்கினார். அவருக்குக் கொடுத்த 100-ஐ அந்த அம்மாவுக்குச் சேர்த்து 200-ஆகக் கொடுத்திருந்தால் எண்ணெய் வீட்டுக்குப் போயிருக்கும். அந்த ஓர் அறிவிப்பின் செலவு மட்டும் 2 பில்லியன் ரிங்கிட்.

பெட்ரோல் கதையும் இதேதான். மேல்தட்டு 15 விழுக்காட்டினருக்கு மானியம் இருக்காது என்றுதான் முதலில் சொன்னார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் திட்டம் வந்தபோது, ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் எல்லாக் குடிமக்களுக்கும் மாதம் 300 லிட்டர் வரை, லிட்டர் 1 ரிங்கிட் 99 காசு. முன்பு இருந்த 2 ரிங்கிட் 5 காசைவிடக் குறைவு! பணக்காரரிடம் 'உங்களுக்கு இல்லை' என்று சொல்லும் தைரியம் கடைசி நேரத்தில் கரைந்துவிட்டது.

வாக்குறுதி கொடுக்கும்போது கணக்குப் பார்க்காத நோய் புதிதல்ல. 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டில் வந்த ஜிஎஸ்டியை 2018 தேர்தலில் அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பான் ஒழிப்பதாகச் சொன்னது, ஜெயித்தது, ஒழித்தது. 2017-இல் அந்த வரி ஈட்டிக் கொடுத்தது ஏறக்குறைய 44 பில்லியன். அதற்குப் பதிலாகப் பழைய எஸ்எஸ்டி, அதாவது விற்பனை, சேவை வரி, திரும்ப வரும் என்றார்கள். தொடக்கத்தில் அது அந்த அளவுக்கு ஈட்டிக் கொடுக்கவில்லை. இன்று எஸ்எஸ்டியைத் துண்டு துண்டாக விரிவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் சேவை வரி 6-லிருந்து 8 ஆனது, 2025 ஜூலையில் இன்னும் பல துறைகளுக்குப் பரவியது. முன்வாசல் வழியாக அனுப்பிய வரி பின்வாசல் வழியாக வருகிறது.

எனக்கு இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. பிரதமரே நிதியமைச்சராகவும் இருப்பது. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் காலத்தில் பிரதமர், நிதியமைச்சர், அந்த நிறுவனத்தின் ஆலோசனைக் குழுத் தலைவர் மூவரும் ஒரே ஆள். 450 கோடி அமெரிக்க டாலர் கையாடப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறை சொல்லும் அளவுக்கு அது போனது. அந்தப் பாடத்தைப் படித்துத்தான் பக்காத்தான் ஹராப்பான் 2018 தேர்தல் அறிக்கையில், பிரதமர் நிதியமைச்சர் பதவியை வைத்துக்கொள்ள மாட்டார் என்று எழுதியது. 2022 டிசம்பரில், அதே கூட்டணியின் தலைவராகப் பிரதமரான டத்தோஸ்ரீ அன்வார் அதே பதவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இன்றைய பிரதமர் நேர்மையானவரா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. நல்லவர் உட்காரும்போதே பூட்டைச் சரியாகப் போட்டுவிட வேண்டும். அடுத்து யார் வருவார் என்று யாருக்கும் தெரியாது. செலவு கேட்பவரும் 'முடியாது' என்று சொல்ல வேண்டியவரும் ஒருவரே என்றால், 'முடியாது' என்று யார் சொல்வது? அப்புறம், 2023 டிசம்பரில் அமைச்சர்களும் துணையமைச்சர்களுமாக 60 பேர் என்று ஆக்கியதை எந்தச் சிக்கனத்தில் சேர்ப்பது?

எங்கள் கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, "தைப்பூசத்து மாலைக்கு ரசீது எங்கே?" என்று கேட்டார். பொருளாளர் கோப்பைப் புரட்டி எடுத்துக் காட்டினார். சங்கங்கள் சட்டப்படி, கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கு பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். ஒரு சிறிய கோயிலுக்கே இந்தக் கட்டுப்பாடு. இந்தியச் சமூகத்தின் முன்னேற்றத்துக்கான அரசுப் பிரிவான மித்ரா விஷயத்தில் நாம் அந்தப் பாட்டி மாதிரி கேட்கிறோமா?

மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்பது பல வருடமாக நாம் கேட்டுவரும் எண். அமைச்சு விட்டு அமைச்சு மாறியது, தலைமை மாறியது. 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் அதன் மானியங்களைப் பற்றி விசாரணை நடத்திச் சிலரைக் கைது செய்தது. நம் பிள்ளைகள் பேரில் வந்த பணம் அது. ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் நம் தலைவர்கள் எழுப்பும் குரல், 'இன்னும் கூட்டிக் கொடுங்கள்' என்பதுதான். நான் சொல்வது வேறு. எந்த அமைப்புக்கு எவ்வளவு, எதற்காக, எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், அதில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியலோடு வெளியிடுங்கள். அது வந்த பிறகு கூட்டிக் கேட்போம், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

நம்மால் முடியாத காரியம் இல்லை இது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960-இல், அன்றைய மஇகா தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள், தோட்டங்களை வாங்கினார்கள். சங்கம் இன்றும் நிற்கிறது. 1982-இல் மஇகா தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸும் இதே மக்களிடமிருந்துதான் 100 மில்லியனுக்கு மேல் திரட்டியது. நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர்! ஏறக்குறைய முப்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு, கடைசியில் பங்குக்கு 80 காசு என்ற விலைதான் வந்தது. இரண்டிலும் போட்டது ஒரே பாட்டாளியின் பணம்.

2023-இல் நாடாளுமன்றம் பொது நிதி மற்றும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உள்நாட்டு உற்பத்தியில் பற்றாக்குறையை 3 விழுக்காட்டுக்குள்ளும், கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவர மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம். சட்டம் நடப்புக்கு வந்தது 2024 தொடக்கத்தில். ஆக, 2028 முடிவில் கெடு. இலக்கு தவறினால் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். அன்றைக்கும் பிரதமரே நிதியமைச்சராக இருந்தால், அவரைக் கேள்வி கேட்கப்போவது அவர் தயவில் பதவியில் இருக்கும் உறுப்பினர்களாக இருக்கலாம். அதனால் உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை தாமான் விருந்துக்கோ பள்ளி நிகழ்ச்சிக்கோ வரும்போது, காசோலையோடு படம் எடுப்பதற்கு முன், போன காசோலையின் கணக்கைக் கேளுங்கள். தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையைப் படித்தாரா என்றும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.