சின்னப் படகின் அறைக்குள் காற்று வரட்டும், கொசு வேண்டாம்

[காட்சி: கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. முகப்பில் நின்றால் பின்வாசல் வரை வரிசையாகத் திறந்திருக்கும் கதவுகள்.]

வணக்கம். இது என் அப்பத்தா வீடு. பங்குனி மாதம், பகல் 2 மணி. தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. உள்ளே ஆத்தங்குடிக் கல் குளிர்ந்து கிடக்கிறது, ஃபேன்கூட ஓடவில்லை.

பாய்மரப் படகைப் பற்றிச் சொல்ல வந்து வீட்டைக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. படகின் அறையில் எப்படித் தூங்குவது என்று நான் கற்றுக்கொண்டது இந்த வளவில்தான். கவனித்துப் பாருங்கள். சுற்றிலும் தாழ்வாரம், அதனால் சுவரில் நேராக வெயில் படாது. நடுவில் முற்றம், சூடேறிய காற்று அதன் வழியே மேலே போய்விடும். முன்வாசலும் பின்வாசலும் எதிரெதிரே இருப்பதால் நுழைந்த காற்று தடையில்லாமல் வெளியேறும்.

[காட்சி: தொண்டிக் கடற்கரை. நங்கூரமிட்ட ஒரு சின்னப் பாய்மரப் படகு.]

தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்கு வந்துவிட்டோம். இந்தப் படகில் தடித்த சுவரும் இல்லை, உயரமான கூரையும் இல்லை. அரை விரல் கனத்தில் ஒரு ஃபைபர் கூரை, அவ்வளவுதான். காலை 10 மணிக்கே அடியில் கை வைத்தால் சுடும். ஆகவே வெயில் கூரையைத் தொடுவதற்கு முன்பே அதை மறிக்க வேண்டும்.

பாயின் அடியில் ஒரு நீளமான கட்டை வருகிறது அல்லவா, அதன் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு இரண்டு பக்கமும் கூடாரம்போல் இழுத்துக் கட்டுங்கள். துணிக்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். துணி கூரையில் படிந்து கிடந்தால் சூடு அப்படியே கீழே இறங்கும். இடைவெளி இருந்தால் நடுவில் காற்று ஓடி அதை எடுத்துப் போய்விடும். நீலத் தார்ப்பாய் வேண்டாம், அதுவே அடுப்பாகிவிடும். மேற்குப் பக்கம் மட்டும் துணியைக் கொஞ்சம் தாழ இறக்குங்கள், சாயங்கால வெயில் சாய்ந்து வந்து அடிக்கும்.

அப்புறம் காற்று. நங்கூரத்தில் நிற்கும் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பிக்கொள்ளும். மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனை பெரும்பாலும் காற்றுக்கு எதிரே இருக்கும். அங்கே உள்ள மேல்மூடியைத் திறந்து, அதன்மேல் பைபோல் ஒரு துணியைத் தூக்கிக் கட்டினால், மேலே போகும் காற்றும் மடங்கி உள்ளே இறங்கும். பின்னால் நாம் இறங்கி வரும் வாசலையும் திறந்து வையுங்கள். அதுதான் நம் பின்வாசல். அதை மூடிவிட்டு முன்னால் மட்டும் திறந்தால் ஒன்றும் நடக்காது. சந்தேகம் இருந்தால் ஓர் ஊதுவத்தியை ஏற்றி முன்மூடி ஓரம் பிடியுங்கள். புகை சாய்ந்து பின்வாசல் பக்கம் ஓட வேண்டும். அதே இடத்தில் சுழன்றால் எங்கோ அடைத்திருக்கிறது.

சரி, கொசு. இங்கேதான் எனக்கு உண்மையான சிக்கல் வந்தது.

சாதாரணக் கொசுவலையின் கண் சுமார் 1.2 மில்லிமீட்டர். கொசுவுக்கு அது போதும். ஆனால் காரங்காடு பக்கம், அலையாத்திக் காட்டுச் சேற்றுக்கு அருகில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிப்பூச்சி உண்டு. கடித்த இடம் இரண்டு நாள் அரிக்கும். அது இந்த வலைக்குள் புகுந்து வந்துவிடும். அதைத் தடுக்க இன்னும் நெருக்கமான வலை வேண்டும், வலை நெருங்கினால் காற்று நின்றுவிடும். முதல் வாரம் நானும் பூச்சிக்குப் பயந்து நெருக்கமான வலையைத் தட்டையாக ஒட்டி, வேர்வையில் நனைந்து கிடந்தேன்.

[காட்சி: மேல்மூடியின்மேல் கட்டிய பெட்டி வடிவ வலை, மிக அருகில்.]

வழி இதுதான். திறப்பு 50 சென்டிமீட்டர் சதுரம் என்றால் தட்டையான வலையின் பரப்பு கால் சதுர மீட்டர். அதையே 50 சென்டிமீட்டர் உயரப் பெட்டியாகத் தைத்தால் நான்கு பக்கமும் மேலும் சேர்ந்து ஒன்றேகால் சதுர மீட்டர், அதாவது ஐந்து மடங்கு. கண் சிறியதாக இருந்தாலும் காற்று நுழைய இடம் அதிகம். காற்றுப்பையை இந்தப் பெட்டிக்கு மேலே கட்ட வேண்டும். பின்வாசலுக்குத் திரைபோல் தொங்கவிடும் வலை போதும். ஓரத்தில் மீன்வலை ஈயக்குண்டுகளைக் கோத்துத் தைத்தேன். நாம் நுழைந்ததும் அது தானே விழுந்து மூடிக்கொள்கிறது.

வலை கட்ட நேரம், சூரியன் மறைந்ததும் பள்ளிவாசலில் ஒலிக்கும் மக்ரிப் பாங்குக்கு முன். இருட்டிய பிறகு கட்டினால் கொசுவை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று கரையிலிருந்து வீசும்போது பூச்சியும் கூடவே வரும்; கரையை விட்டு விலகி நங்கூரமிடுங்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், கொஞ்சம் தள்ளிப் போனாலும் நங்கூரம் தரையைப் பிடிக்கும்.

காற்றே இல்லாத இரவுக்கு 12 வோல்ட் ஃபேன் ஒன்று. அரை ஆம்பியர் இழுக்கும் ஃபேன் 8 மணி நேரத்துக்கு 4 ஆம்பியர் மணிதான் தின்னும், சிறிய சோலார் தகடே போதும். கொசு பலமாகப் பறக்கத் தெரியாத பூச்சி. ஃபேன் முகத்துக்கு நேரே ஓடினால் அதனால் வந்து உட்கார முடியாது.

கொசுவர்த்திச் சுருளை மட்டும் தயவுசெய்து அறைக்குள் ஏற்றாதீர்கள். அவ்வளவு சிறிய இடத்தில் இரவெல்லாம் நீங்கள் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான், தீயும் பிடிக்கலாம். தோலில் தடவும் டீட் மருந்து நல்லது. ஆனால் பிளாஸ்டிக்கை அரிக்கும், கை கழுவாமல் மூடியின் பிளாஸ்டிக் கண்ணாடியைத் தொடாதீர்கள். படகின் அடியிலோ வாளியிலோ மழைத்தண்ணீர் தேங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் அங்கேயே கொசு பிறந்துவிடும். அப்பத்தா முற்றத்து அண்டாவில் மழைநீர் பிடித்ததும் வாயில் வேட்டித்துணி கட்டுவார். படகில் துடைத்து எடுத்துவிடுங்கள்.

தைக்கக் கொடுக்கும் முன் பழைய செய்தித்தாளில் அளவு வெட்டி மூடியின்மேல் வைத்துப் பாருங்கள். வெயில்துணியின் ஓரத்துக்கு இரட்டைத் தையல் கேளுங்கள், காற்றில் முதலில் பிரிவது ஓரம்தான்.