பயந்தவனைப் பார்த்துச் சிரிப்பது

(பெங்களூரு அல்சூரில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், சனிக்கிழமை சாயங்காலம் இந்தப் போக்குவரத்தில் நீந்தி வந்து சேர்ந்த நண்பர்களுக்கும் வணக்கம். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத் தனி வணக்கம். பயத்தைப் பற்றி அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சினிமாவில் சிரிப்பும் திகிலும் ஒரே படத்தில் ஒத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒத்துப்போகும் என்பதுதான் என் கட்சி. ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பயந்து நடுங்குகிற மனிதனைப் பார்த்துச் சிரித்தால் பேய் பிழைத்துக்கொள்ளும். பேயையே பார்த்துச் சிரித்துவிட்டால் அப்புறம் அது கூரையில் தொங்கினாலும், கழுத்தை முழுச்சுற்று திருப்பினாலும் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் பேயே இல்லாத ஒரு படத்தில் இருக்கிறது. 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. எந்தக் காட்சி என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். படம் எடுக்கக் கிளம்பிய மகன் செல்லப்பா, பணம் வைத்திருக்கும் அப்பாவுக்குத் திகில் கதை சொல்கிறான். செல்லப்பா நாகேஷ், அப்பா டி.எஸ். பாலையா. இதில் கவனிக்க வேண்டியது நாகேஷ் சிரிக்காமல் இருப்பதை. அவர் கதையைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தானே அந்த இருட்டுக்குள் நடந்து போவதுபோல, குரலை இறக்கி, நிறுத்தி, மறுபடி எடுத்துச் சொல்கிறார். கதையில் வர வேண்டிய சத்தங்களையெல்லாம் வாயாலேயே கொடுக்கிறார். எதிரே பாலையாவின் முகம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சுற்று சுருங்குகிறது. சொத்தும் அதிகாரமும் உள்ள மனிதர், வீட்டில் எல்லோரையும் அதட்டுகிறவர், பகல் வெளிச்சத்தில் சொந்த மகன் சொல்லும் கதைக்கு வெலவெலத்துப் போகிறார். நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். அதே நேரத்தில் கதையில் அடுத்து என்ன வரப் போகிறது என்று நமக்கும் லேசாகத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது, இல்லையா? நாகேஷ் ஒரு கண்ணைச் சிமிட்டி 'சும்மா சொல்றேன்' என்று காட்டியிருந்தால் அந்தக் காட்சி அங்கேயே முடிந்திருக்கும்.

நம்முடைய இலக்கணக்காரர் இதை முன்பே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை எங்கிருந்து பிறக்கும் என்று ஒரு நூற்பா: 'எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப.' அச்சம் எங்கிருந்து வரும் என்று இன்னொன்று: 'அணங்கே விலங்கே கள்வர் தம் இறை எனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகைக்குச் சொன்ன நான்கில் மூன்று, சிறுபிள்ளைத்தனமும் அறியாமையும் ஏமாளித்தனமும், பயப்படுகிறவனிடமே இருக்கிறவை. பாலையாவிடம் இருப்பதும் அவைதான். எள்ளல் மட்டும் இன்னொருவர் மேல் வீசுவது. அதைத் தூக்கி அணங்கின் மேல், அதாவது பேயின் மேல், வீசினால் அணங்கு போய்விடும். திகில் நகைச்சுவை எடுக்க வருகிற இயக்குநர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். அச்சப் பட்டியலின் கடைசியில் 'தம் இறை' என்று ஒன்று இருக்கிறதே, அதிகாரம் உள்ளவர் மேல் வரும் பயம், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

வெளிநாட்டிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. 1948-இல் அபட், காஸ்டெல்லோ என்ற கோமாளி ஜோடியை ஃப்ராங்கன்ஸ்டைன் அரக்கனோடு மோதவிட்டு ஒரு படம் வந்தது. அதில் டிராகுலாவாக வந்தவர், 1931-இல் அந்த வேடத்தால் பேர் வாங்கிய அதே பேலா லுகோசி. அவருக்கு ஒரு ஜோக்கூடக் கிடையாது. பழைய கம்பீரத்தோடு வருகிறார், போகிறார். உளறுவது, ஓடுவது, குரல் அடைத்துப்போவது எல்லாம் காஸ்டெல்லோவின் வேலை.

சரி, நம் ஊருக்கு வருவோம். தொண்ணூறுகளில் பெங்களூரில் வளர்ந்தவர்களுக்கு 'நாளே பா' தெரியாமல் இருக்காது. ராத்திரியில் ஒரு பேய் வந்து கதவைத் தட்டும், வீட்டு ஆட்களின் குரலிலேயே கூப்பிடும், திறந்தால் கதை முடிந்தது. அதற்குப் பரிகாரம், கதவில் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது நாளைக்கு வா, என்று எழுதி வைப்பது. பேய் படித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். மறுநாள் வந்தாலும் அதையேதான் படிக்க வேண்டும். எங்கள் ஸ்ரீராமபுரம் தெருவில் பாதிக்கு மேல் தமிழ் வீடுகள். ஆனாலும் எல்லார் கதவிலும் கன்னட எழுத்துதான். பேய்க்குத் தமிழ் படிக்கத் தெரியுமா தெரியாதா என்று யார் பரீட்சை வைத்துப் பார்ப்பது? பகலில் இதைச் சொல்லிப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ராத்திரி கரண்ட் போனதும் அதே பெரியவர்கள், மழையில் எழுத்து அழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கதை அப்படியே 2018-இல் 'ஸ்த்ரீ' என்ற இந்திப் படத்துக்குள் போனது. அமர் கௌஷிக் இயக்கம்; கதை ராஜ் - டி.கே. இரட்டையருடையது. ஊர் மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி. கன்னட எழுத்து இருந்த இடத்தில் 'ஓ ஸ்த்ரீ கல் ஆனா', அதாவது பெண்ணே நாளைக்கு வா, என்று வந்துவிட்டது. அந்தப் படத்தில் பேய் ஆண்களை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறது, துணிமணிகளை விட்டுவிட்டு. அதனால் ராத்திரி தனியாக வெளியே போகாதே, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே என்று பெண்களுக்கு எத்தனையோ காலமாகச் சொல்லி வந்த புத்திமதி முழுவதும் ஆண்களுக்குத் திரும்புகிறது. மீசை வைத்த ஆண்பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் பதுங்குவதைப் பார்த்துத் தியேட்டரில் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது பேயைப் பார்த்துச் சிரித்தது அல்ல. ஸ்த்ரீ வரும் சந்தில் இருட்டும் குறையவில்லை, நம் வயிற்றில் பயமும் குறையவில்லை.

அடுத்து, இங்கே யாருக்கும் அறிமுகம் தேவைப்படாத கதை. 1993-இல் ஃபாசிலின் 'மணிச்சித்ரத்தாழ்', 2004-இல் பி. வாசு கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா', 2005-இல் அவரே தமிழில் எடுத்த 'சந்திரமுகி', 2007-இல் பிரியதர்ஷனின் இந்தி 'பூல் புலையா'. மலையாள மூலத்தில் ஃபாசிலுக்குத் துணையாகச் சில பகுதிகளை எடுத்துக் கொடுத்தவர்களில் பிரியதர்ஷனும், சித்திக் - லால் ஜோடியும் உண்டு. சிரிப்புப் படத்துக்கே பேர்போன ஆட்கள். ஆனால் அந்தச் சிரிப்பு, பேய் பிடித்தவள்போல மாறும் நாயகி ஷோபனாவின் பக்கம் ஓர் அடிகூட நெருங்காமல் காவல் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் அப்படித்தான். வடிவேலு பயந்து சாகும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஜோதிகா கட்டிலைத் தூக்கும்போது அறையில் வடிவேலு இல்லை. பிரபு மட்டும் இருக்கிறார், அவர் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை. வடிவேலுவை அந்த வாசலில் நிறுத்தி ஒரு முழி முழிக்கவிட்டிருந்தால் விசில் பறந்திருக்கும், படம் படுத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போகிறேன், விஷயத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தாலும். மலையாளப் படத்தில் நாயகிக்குள் புகுந்ததாகச் சொல்லப்படும் அந்த நாட்டியக்காரி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவாள். தமிழுக்கு வந்ததும் தெலுங்கு பேசினாள். கன்னடத்திலும் தெலுங்குதான். இந்தியில் வங்காளம். எந்த மொழிக்குப் போனாலும் பேய் மட்டும் வேற்று மொழிக்காரி. நாலு பாஷை ஓடுகிற சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது என் கட்சிக்கே சங்கடம் தருகிற படம், ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா', 2011. முதல் பாதி நான் சொன்ன விதிக்கு அச்சு அசல் பொருத்தம். வளர்ந்த ஆள், ராத்திரி பாத்ரூம் போக அம்மாவைத் துணைக்கு எழுப்புகிறான். கோவை சரளா அலுத்துக்கொண்டே எழுந்து வருகிறார். பேய் இன்னும் வந்தபாடில்லை, சிரிப்பு முழுவதும் பயந்தவன் மேல். அப்புறம் பேய் அவன் உடம்பில் ஏறுகிறது. அது ஒரு திருநங்கையின் ஆவி. அவன் வளையல் போடுகிறான், புடவை கட்டுகிறான், நடை மாறுகிறது. அல்சூர் பக்கத்தில் நான் படம் பார்த்த தியேட்டர் அப்போது அதிர்ந்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? பேய் பிடித்த ராகவாவையா, ஒரு திருநங்கை நடக்கிற நடையையா? இரண்டையும் பிரிக்க முடியாதபடி அங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள். அரை மணி கழித்து, முன்கதையில் அந்தத் திருநங்கையாகச் சரத்குமார் வருகிறார். பெற்றவர்கள் துரத்திவிட்ட பிள்ளை, அடைக்கலம் கொடுத்த பாய், தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணை டாக்டருக்குப் படிக்கவைத்து ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கியது, அந்த நிலத்துக்காகவே நடந்த கொலைகள். தியேட்டரில் சத்தமே இல்லை. சற்று முன் சிரித்த அதே ஆட்கள்.

இதைத் திட்டம் போட்டு நம்மைச் சிக்கவைத்த கெட்டிக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அழவைத்த பிறகும் படம் அந்தச் சிரிப்பை விடுவதாக இல்லையே. ஆனால் சரத்குமார் அந்த வேடத்தில் துளியும் கேலி கலக்காமல் நின்றதனால்தான் படம் நிமிர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஓர் எதிர்வாதம் வரும், நானே சொல்லிவிடுகிறேன். 1981-இல் ஜான் லேண்டிஸ் எடுத்த 'அன் அமெரிக்கன் வேர்உல்ஃப் இன் லண்டன்'. ஓநாய் கடித்துச் செத்த நண்பன் ஜாக், கடிபட்டுப் பிழைத்தவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறான். கழுத்துக் கிழிந்து, ஒரு துண்டுச் சதை தொங்கி, பேசும்போதெல்லாம் ஆடுகிறது. அந்த நிலையில் வந்தவன் நண்பனின் காலைச் சாப்பாட்டைப் பார்த்து, ஒரு துண்டு டோஸ்ட் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். பிணமே ஜோக் அடிக்கிறதே, உன் விதி என்ன ஆயிற்று என்பீர்கள். அங்கே நாம் பயப்படுவது ஜாக்கைப் பார்த்து அல்ல. பௌர்ணமி அன்று நண்பனின் உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதை நினைத்து. ஜாக்கும் மாட்டிக்கொண்டவன்தான், வருகிற ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அழுகிப்போய் வருகிறான். ஓநாயாக மாறுகிற காட்சியில் எலும்பு நீள்கிறது, ஆள் வலியில் கத்துகிறான். அந்த வேலைக்காக ரிக் பேக்கருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஓநாய் அந்தப் படத்தில் ஒரு ஜோக்கும் அடிக்காது.

இனி வாடகைதாரர்கள். பேய்ப்படம் பார்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி, பேய் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஏன் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள்? திகில் படம் மட்டும் எடுக்கிறவர்கள் இதற்குத் திணறுவார்கள். சிரிப்பும் கலந்து எடுக்கிறவருக்குப் பதில் சுலபம், கையில் காசில்லை. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்கிற பெங்களூர் பழக்கம் தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பேய்க்குப் பயந்து காலி செய்தால் ஓனர் அட்வான்ஸில் பெயின்டிங் செலவு என்று எவ்வளவு பிடிப்பார்? 2014-இல் டீகே எடுத்த 'யாமிருக்க பயமே' ஓடியது இந்த நாடியைப் பிடித்ததால்தான். கடன்காரனுக்குப் பயந்தவன் பாழடைந்த பங்களாவை லாட்ஜ் ஆக்குகிறான். வருகிற விருந்தாளி ஒவ்வொருவராகச் செத்து விழுகிறார்கள். வெளியே கடன்காரன், உள்ளே அணங்கு. எது பெரிய பயம் என்று அவனுக்கே கணக்குப் போடத் தெரியவில்லை. தொல்காப்பியர் நான்காவதாகச் சொன்ன அதிகார பயமும் முதலாவதாகச் சொன்ன பேய் பயமும் ஒரே ஆளை இரண்டு பக்கமும் இழுக்கிறபோது, தனியாக ஜோக் எழுத வேண்டிய வேலையே இல்லை. கன்னடத்துக்காரர்களும் அதே வருடம் இதை 'நமோ பூதாத்மா' என்று எடுத்துக்கொண்டார்கள்.

சந்தானம் படங்கள் வேறு ரகம். 2016-இல் ராம்பாலா எடுத்த 'தில்லுக்கு துட்டு'வில் நாயகன் பேயைக் கலாய்க்கிறார். நான் நன்றாகவே சிரித்தேன். ஆனால் அது சிரிப்புப் படம் மட்டும்தான், திகில் அதில் ஒப்புக்குச் சப்பாணி. 2023-இல் வந்த 'டிடி ரிட்டர்ன்ஸ்' கொஞ்சம் சுதாரித்துக்கொண்டது. பங்களாவுக்குள் பேய்கள் ஒரு விளையாட்டு நடத்துகின்றன, தோற்றால் உயிர் போகும். அந்தப் பந்தயம் இருந்ததால் கலாய்க்கிறவனுக்கும் கொஞ்சம் வியர்த்தது.

திகில் நகைச்சுவை எடுக்கிறவர்களில் பலர் சறுக்குகிற இடம் கடைசி இருபது நிமிடம். அதுவரை ஓடி ஒளிந்து, உளறி, நம்மைப் போலவே இருந்த ஆள் திடீரென்று விபூதி பூசிக்கொண்டு, கோயில் மணி அடிக்க, நூறு பேர் ஆட, பேயை நேருக்கு நேர் சந்திக்கிறான். பயந்தவன் காணாமல் போய்விடுகிறான். பயந்தவன் போனபின் சிரிப்பதற்கும் ஆள் இல்லை, நடுங்குவதற்கும் ஆள் இல்லை. 'ஸ்த்ரீ'யில் அந்தத் தவறு நடக்கவில்லை. கடைசிவரை நாயகனான அந்தத் தையல்காரப் பையன் தையல்காரப் பையனாகவே இருக்கிறான். முடிவில் ஊர்ச் சுவரில் எழுத்து மட்டும் மாறுகிறது. நாளைக்கு வா என்று இருந்தது, எங்களைக் காப்பாற்று என்று ஆகிறது.

அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். 'அரண்மனை' நான்கு பாகத்தையும் ஏன் விட்டாய் என்று கேட்கப் போகிறவர்கள், காபி குடிக்கும்போது தனியாக வாருங்கள்.