மருமகள் ஏறும் குதிரையும் ஏறாத குதிரையும்

நேயர்களுக்கு வணக்கம். தென் சைபீரியாவில் யெனிசேய், அபகான் ஆறுகளின் கரைகளில் விரிந்து கிடக்கும் புல்வெளிகளில் ககாஸ் என்னும் துருக்கிய இனத்தவர் வாழ்கிறார்கள். இன்று அவர்களின் தொகை ஏறத்தாழ 60,000. அவர்களுடைய பழைய திருமண வழக்கங்களில் குதிரை எங்கெல்லாம் வந்து நிற்கிறது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ககாஸ் மக்கள் தங்கள் முன்னோராகக் கருதுபவர்களுள் யெனிசேய் கிர்கிஸ்கள் முதன்மையானவர்கள். 1060ஆம் ஆண்டில் சீனாவில் எழுதி முடிக்கப்பட்ட 'புதிய தாங் வரலாறு', இந்தக் கிர்கிஸ்கள் பெண் கொள்ளும்போது ஆடுகளையும் குதிரைகளையும் பரிசமாகக் கொடுப்பார்கள் என்றும், செல்வர்கள் கொடுப்பது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும் என்றும் குறித்து வைத்திருக்கிறது. அரண்மனைக் குறிப்பாளர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கின் அலகு எது என்பதில் அவர் தவறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கலீம் என்ற அந்தப் பரிசம் பெரும்பாலும் கால்நடையாகவே கைமாறியது.

கலீம் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. பெண்ணைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவது. பல சமயங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் முன்பே பேசி வைத்துக்கொண்டு செய்த காரியம் இது என்பதால், இதை வெறும் கடத்தல் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. விருப்பமில்லாமல் தூக்கிச் செல்லப்பட்ட பெண்களும் இருந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. எப்படி நடந்திருந்தாலும், புளித்த பாலிலிருந்து வடித்த அரகா என்னும் சாராயத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசியாக வேண்டும்.

அதன் பிறகு வருவதுதான் 'தோய்' எனப்படும் திருமண விருந்து. கன்னிப் பெண்ணாக இருந்தவரை பல சிறு பின்னல்களாகத் தொங்கிய கூந்தலை அவிழ்த்து, மணமான பெண்ணுக்குரிய இரண்டு பின்னல்களாகப் பின்னுவார்கள். பவளமும் மணிகளும் சிப்பிப் பொத்தான்களும் நெருக்கித் தைத்த 'பொகோ' என்னும் அரைவட்ட மார்பணியை அணிந்து சம்பந்தம் பேசிய மூத்த பெண் முன்னிற்பாள். வெளியே புல்வெளியில் மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் நடக்கும்.

பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுக்கும் பங்கை 'இஞ்சி' என்பார்கள். நம் காதுக்கு அது சமையலறைச் சொல்லாக ஒலித்தாலும், பொருளில் அது சீதனம். ஆடை, பெட்டி, படுக்கை ஆகியவற்றோடு கால்நடைகளும் அதில் உண்டு. வசதியுள்ள வீடாக இருந்தால், சேணம் பூட்டிய குதிரையும் சேர்ந்து வரும். அந்தச் சேணத்தை நினைத்துப் பாருங்கள்: மரத்தால் செய்து, முன்புறம் உயர்ந்து நிற்கும் வளைவில் உலோகத் தகடு பதித்து, அதன் கீழே பூவேலை செய்த விரிப்பைத் தொங்கவிட்டிருப்பார்கள். தந்தையின் நிலை என்ன என்பதைப் புகுந்த வீட்டார் பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன்பே அந்தச் சேணத்தில் படித்துவிடலாம்.

புகுந்த வீட்டிலோ அவளுக்காக வேறொரு குதிரை காத்திருக்கிறது, அவள் ஏறவே கூடாத குதிரை. 'ஸோக்' என்னும் ஒரே குலத்துக்குள் ககாஸ் மக்கள் மணம் முடிப்பதில்லை. ஆகவே மருமகள் எப்போதும் வேற்றுக் குலத்தவள். கணவனுடைய குலத்துக்கோ 'இஸிக்' எனப்படும் நேர்ந்துவிட்ட குதிரை உண்டு. அதன் நிறம் குலத்துக்குக் குலம் மாறுபடும். பூசாரியான ஷாமன் அதைக் குலத்தைக் காக்கும் ஆவிக்கு அர்ப்பணித்து, பாலால் கழுவி, 'இர்பென்' என்னும் மணமுள்ள மூலிகையின் புகை காட்டி, பிடரி மயிரில் நாடா கட்டி மந்தையோடு விட்டுவிடுவார். வீட்டுத் தலைவர் ஏறலாம், பெண்கள் ஏறுவதற்கில்லை. மாமனாரின் பெயரைக்கூட மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த வழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால், இந்த விலக்கு எவ்வளவு ஆழமானது என்பது புலப்படும்.

சோவியத் ஆட்சியில் ஷாமன்கள் ஒடுக்கப்பட்டார்கள். மந்தைகள் கூட்டுப் பண்ணைகளுக்குப் போயின. நேர்ந்துவிட்ட குதிரைகளின் வழக்கமும் மங்கியது. குதிரைப் பந்தயத்தை இன்றும் கோடையில் கொண்டாடப்படும் 'துன் பைராம்' விழாவில் காணலாம். ஆனால் பழைய நாளின் அந்த மருமகள், தந்தை கொடுத்த குதிரையில் அமர்ந்து மேய்ச்சல் நிலத்தைக் கடக்கும்போது, பிடரியில் நாடா ஆட நின்று மேய்ந்த இஸிக்கைச் சற்று விலகியே தாண்டிப் போயிருப்பாள்.

வணக்கம்.